சீர்காழியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மரபணு ரிப்போர்ட் வாங்கப் போன கதை

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அந்த ஆறு வருடமும் மாத்திரை விழுங்கியது, ஊசி போட்டுக்கொண்டது, விரதம் இருந்தது எல்லாம் என் மனைவி செல்வி. என்னையும் பரிசோதிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கடைசியில் என்னைப் பரிசோதித்தபோது, முதல் ஸ்கேனிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. உயிரணு உற்பத்தியாகிறது, வெளியே வரவேண்டிய குழாய் பிறவியிலேயே இல்லை. காரணம் தெரிய ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்கத்தான் இந்தத் தை பிறந்த பத்தாம் நாள் கிளம்பினோம்.

தூரம் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். காலை 6.10க்கு பஸ், மயிலாடுதுறையில் மாறவேண்டும், ஆளுக்கு மொத்தம் 98 ரூபாய். பதினொரு மணிக்கு டாக்டர். கும்பகோணம் தாண்டியதும் மறியல். கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கவில்லை என்று மூட்டைகளை நடுரோட்டில் அடுக்கியிருந்தார்கள்.

“இறங்கி டீ குடிங்க சார், இப்போதைக்கு நகராது” என்றார் டிரைவர், விருந்துக்கு அழைப்பதுபோல. திட்டலாம் என்றால், ஊரில் என் நெல் மூட்டையும் எடுக்க ஆளில்லாமல் அதே மாதிரிதான் கிடக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று.

அதற்குள் அம்மாவிடமிருந்து மூன்று போன். “சொந்தத்துல கட்டினதுன்னு மட்டும் சொல்லிடாதப்பா. அதையே சாக்கா வச்சு நம்மளப் பேசுவாங்க.”

செல்வி என் தாய்மாமன் மகள். ஐந்து மா நிலத்துக்காக ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்த அம்மாவும் மாமாவும் எங்கள் கல்யாணத்தில்தான் சமாதானமானார்கள். முதல் தடவை போனபோதே, படிவத்தில் ‘மனைவி உறவா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ‘அத்தான்’ என்று கூப்பிடக் கூடாது என்று செல்விக்குத் தனி உத்தரவு வேறு.

டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிடும்போது மணி ஒன்றரை.

“உங்க மரபணுல ஒரு மாறுபாடு இருக்கு. குழாய் இல்லாததுக்கு அதுதான் காரணம். ஊசி வழியா உயிரணுவை எடுத்து முயற்சி பண்ணலாம். ஆனா மனைவிக்கும் இதே மாறுபாடு இருந்தா, குழந்தைக்கு நுரையீரல்ல பெரிய பிரச்சினை வரலாம். ஒரே குடும்பம்னா வாய்ப்பு ஜாஸ்தி. நீங்க சொந்தம் இல்லாம அசல்தானே?”

‘ஆமாம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

“இல்லீங்க மேடம், நான் இவரோட மாமா பொண்ணு” என்றாள் செல்வி.

டாக்டர் படிவத்தைத் திருத்தினார். 2.15க்கு அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம்.

திரும்பும் பஸ்ஸில் எரிந்து விழுந்தேன். “என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“ஆறு வருசமா எனக்குத்தான் குறைன்னு எல்லாரும் சொன்னாங்க, வாயை மூடிட்டு இருந்தேன் அத்தான். இதுக்கும் மூடிட்டு இருந்தா, மூச்சு முட்டுற புள்ளய யாரு மடியில வச்சிக்கிறது?”



இதே காரியமாகப் போகிறவர்கள் அறுவடைக் காலத்தில் ரயிலில் போங்கள். பழைய ரிப்போர்ட் அத்தனையும் கையில் இருக்கட்டும். முதலில் ஆணைப் பரிசோதியுங்கள். உறவைக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். எங்கள் முடிவு வரும் வெள்ளிக்கிழமை வருகிறது, பயமாகத்தான் இருக்கிறது.

அன்று வீடு திரும்பியதும், செல்விக்கும் ரத்தம் எடுத்ததைக் கேட்டு, சொந்தம் என்று யார் உளறியது என்று அம்மா கேட்டார். நான்தான் என்றேன். ஆறு வருடத்தில் செல்வி மேல் விழவேண்டிய பழியை நான் வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.