பெடலுக்கு மேல் ஒரு நட்டு

அந்த மாஸ்டரை நான் மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதும் மன்னிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் பியானோ இருந்த வீடுகள் ஐந்தாறுதான், பெரும்பாலும் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள். புதுச்சேரியில் தொழில் கற்றுத் திரும்பியிருந்த குரும்பகரத்து விவசாயி மகனான நான்தான் அவற்றைப் பழுதுபார்ப்பேன். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, ஊரே மதாம் என்று அழைத்த ஓர் அம்மாள் வீட்டுப் பியானோவில் டாம்பர்கள் இறுகிக்கொண்டன. விரலை எடுத்ததும் தந்தியில் வந்து உட்கார்ந்து ஓசையை அடக்கும் கம்பளிக் கட்டைதான் டாம்பர். அங்கே பாடம் சொல்லித்தந்த மாஸ்டர், பெரிய மெக்கானிக் போல, உள்ளே தையல் மெஷின் எண்ணெயை ஊற்றிவிட்டார். கம்பளி எண்ணெயைக் குடித்தது. ஓசை அடங்கவே இல்லை. பழியைத் தூக்கி என் தலையில் போட்டார்.

“வயல்ல நிக்கிறவன்கிட்ட பியானோவக் குடுத்தா இப்படித்தாங்க ஆவும், மதாம்.”

மற்ற வீடுகளும் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தின. இரண்டு வருடம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், அவரைத் திட்டிக்கொண்டே.

பிறகு மதாமின் மகன் பாரீசிலிருந்து வருவதாக இருந்தது. வேறு ஆள் கிடைக்காமல் என்னையே அழைத்தார்கள். பலகையைக் கழற்றியதும் எண்ணெய் நாற்றம். ஊறிப்போன கம்பளியை உரித்தெடுத்தேன். புதுக் கம்பளி ஒட்டினேன். ஒவ்வொரு டாம்பரும் தந்தியில் கோணாமல் உட்காரும்வரை அதன் கம்பியைக் குறட்டால் வளைத்தேன். மிதித்தால் எல்லா டாம்பர்களையும் தூக்கி ஓசையை நீளவிடும் பெடலை மெல்ல மிதித்து, அவை ஒரே வரிசையில் எழும்புகின்றனவா என்று பார்த்தேன். எழும்பின.

அதன்பின் பெடல் தண்டின் நட்டை ஐந்து சுற்றுத் தளர்த்தினேன். இனி எவ்வளவு மிதித்தாலும் டாம்பர் தந்தியை விட்டு விலகாது. மாஸ்டர் பெடலிலிருந்து காலை எடுக்காமல் வாசிப்பவர். ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து அவர் விரல் தடுமாறுவதை மூடிவிடும். அந்த மூடியைத்தான் எடுத்தேன்.

மகன் வந்த மாலை என்னையும் இருக்கச் சொன்னார்கள். மாஸ்டர் வாசித்தார். ஒவ்வொரு தடுமாற்றமும் பச்சையாகக் கேட்டது.

“பெடல் வேல செய்யலைங்க,” என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“பெடல் கெடக்கட்டுங்க மதாம்,” என்றேன். “பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற மொதப் பாடத்த வாசிக்கச் சொல்லுங்க. அதுக்குப் பெடல் எதுக்கு?”

அதிலும் மூன்று இடத்தில் பிசகினார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். மதாம் எழுந்துபோய் மாஸ்டரின் குடையை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

அவர் வாசலில் செருப்பு மாட்டும்போது, அவர் கண்முன்னாலேயே கீழ்ப் பலகையைத் திறந்து நட்டை இறுக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லிப் பார்க்கட்டும், யார் நம்புகிறார்கள் என்று பார்ப்போம் எனக் காத்திருந்தேன்.