ஒத்திக்கினேன் சாமி

"ஒத்திக்கோ நைனா, ஒத்திக்கோ!"

ராயபுரத்திலிருந்து துறைமுகம் போகும் சாலையில் கைவண்டிக்காரர்கள் போட்ட இந்தச் சத்தம், இத்தனை வருஷம் கழித்தும் சில மத்தியானங்களில் என் காதில் விழுகிறது. ஒதுங்கிக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மூட்டை ஏற்றிய கைவண்டிக்கு பிரேக் கிடையாது. இழுப்பவரின் தொண்டைதான் பிரேக்.

அந்தச் சாலையோரத்தில் இருந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கல்லூரியில் கவிதை படித்தவளுக்குக் கிடைத்த வேலை அது. ஒருவர் அழுது சொல்வதை, இன்னொருவர் எழுதிக்கொள்ளும்படி அழாமல் சொல்ல வேண்டும், வேலை அவ்வளவுதான். கோர்ட்டு பெஞ்சில் ஒரு நாளாவது உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. நம் எல்லோருக்கும் ஒரே முதுகுவலிதான்.

மூன்று முறை

கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது டவாலி முனுசாமியின் வேலை. சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை, கப்பல் சங்கோடு போட்டி போடும் குரல். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். சங்கு ஊதினால் நிறுத்தி, அது அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அன்று "ஏழுமலே! ஏழுமலே! ஏழுமலே!" என்று தெருவைப் பார்த்துக் கூவினார். ஏழுமலையோ அவர் முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு கான்ஸ்டபிளின் பிடியில் நின்றுகொண்டிருந்தார். கைவண்டி இழுப்பவர். அவருடைய வண்டி மோதி ஓர் அமெரிக்க மாலுமியின் கால் எலும்பு முறிந்துவிட்டது. கவனமில்லாமல் வண்டி ஓட்டிக் காயம் உண்டாக்கினார் என்று வழக்கு. பக்கத்தில் நிற்கிறவரை எதற்கு இப்படிக் கூவுகிறீர்கள் என்று முனுசாமியைக் கேட்டேன்.

"நிக்கறாரு, நான் இன்னா குருடனாம்மா? ஆனா மூணு தபா கூப்ட்டாதான் சர்க்காரு கண்ணுக்கு அவரு வந்த மாதிரி."

ஓர் எழுத்து

அன்று காலை மொழிபெயர்ப்பது என் முறை இல்லை. எனக்கு மேலே இருந்த பெரியவரின் முறை. கும்பகோணத்துக்காரர், சுத்தமான தமிழ். மாஜிஸ்திரேட்டுக்குத் தாய்மொழி வேறு. அதனால் கூண்டில் நிற்பவரின் தலையெழுத்து, நடுவில் நிற்பவரின் காதைப் பொறுத்தது. பெரியவர் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, "ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டார். ஏழுமலை கும்பிட்டபடி, "ஒத்திக்கினேன் சாமி" என்றார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்" என்று பெரியவர் ஆங்கிலத்தில் சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். அந்தக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டவர்களுக்கு வழக்கமாக ஒரு மாதம். நான் மூலையில் இருந்து எழுந்தேன். அவர் ஒத்துக்கினேன் என்று சொல்லவில்லை, ஒத்திக்கினேன் என்கிறார். வண்டியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டேன் என்று அர்த்தம் என்றேன். ஒப்புக்கொள்பவர் சொன்ன வார்த்தையை முடிந்தவரை அப்படியே எழுத வேண்டும் என்பது சட்டம். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கேட்கச் சொன்னார். இந்தத் தடவை நான் கேட்டேன். "நான் கத்தினேன், வண்டிய ஓரமா ஒத்திக்கினேன், அவருதான் வந்து வுழுந்தாரு" என்றார் ஏழுமலை. ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதி, வழக்கை விசாரணைக்குத் தள்ளிவைத்தார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓர் இகரத்துக்காக ஒரு விசாரணையா, அம்மா?"

பன்னிரண்டு பேர்

கால் முறிந்த மாலுமியின் பெயர் ஹாரி. இருபது வயதுகூட இருக்காது. அவனுடைய கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. மாவுக்கட்டுக் காலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவான். பேச்சுத் துணைக்கு வேறு ஆள் இல்லை.

அவன் ஊரில் என்றால், ஏழுமலையின் வழக்கைப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். ஜட்ஜ் சட்டத்தை மட்டும் சொல்வார். குற்றவாளியா இல்லையா என்பதை அந்தப் பன்னிரண்டு பேர்தான் முடிவு செய்வார்கள். படித்தவர்கள்தான் என்றில்லை, ரொட்டிக்கடைக்காரர் இருப்பார், தையற்காரர் இருப்பார். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். நம் ஹைகோர்ட்டிலும் அப்போது இப்படி ஒரு ஜூரி இருந்தது, கொலை, கொள்ளைக்கு. கைவண்டிக்கு யார் ஜூரி வைப்பார்கள்? இதையெல்லாம் முனுசாமிக்குத் தமிழில் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பன்னெண்டு பேரா? எங்க வூட்ல மூணே பேரு. கொயம்புல உப்பு கீதா இல்லியான்னு இன்னிவரிக்கும் ஒத்துப் போனதில்லம்மா."

மீன் பேரம்

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். வாய்தா நாளில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, வராந்தாத் தூணோரம் அதன் மேல் உட்கார்ந்திருப்பாள். அமெரிக்கக் கதையை அவளும் கேட்டாள். "பன்னெண்டு பேரும் கூலிய வுட்டுட்டு வந்து குந்துவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஹாரியைக் கேட்டேன்.

அவன் சிரித்தான். பெரும்பாலான வழக்குகள் அந்தப் பன்னிரண்டு பேர் வரைக்கும் போவதே இல்லையாம். சர்க்கார் வக்கீலும் குற்றவாளியின் வக்கீலும் தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொள்வார்கள். 'சின்னக் குற்றத்தை ஒப்புக்கொள், பெரிய குற்றத்தை விட்டுவிடுகிறேன்' என்பார் இவர். 'இன்னும் கொஞ்சம் குறையுங்கள்' என்பார் அவர். செய்யாதவன்கூடச் சில சமயம் அலுத்துப்போய் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவானாம். அவனுடைய மாமா ஒருவர் அப்படித்தான் செய்தாராம். நான் சொல்லி முடித்ததும் கன்னியம்மா தூணில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ நம்ம மீன் பேரம்தான்னு சொல்லு. வெயிலு ஏறிச்சுன்னா, வந்த வெலைக்குக் குடுத்துட்டு எய்ந்து போறது."

வாய்தா

ஏழுமலைக்கு ஜாமீன் கொடுக்க மாஜிஸ்திரேட் தயாராகத்தான் இருந்தார். சொந்த வீடு உள்ள ஓர் ஆள் கையெழுத்துப் போட வேண்டும். கன்னியம்மா காசிமேட்டிலிருந்து புளியந்தோப்பு வரை உறவுக்காரர்கள் எல்லோரையும் போய்ப் பார்த்தாள். 'வூடு எங்க கீது, நாலு தட்டிதான் கீது' என்று எல்லோரும் கையை விரித்தார்கள். வண்டி முதலாளிக்கு யானைக்கவுனியில் மாடி வீடு இருந்தது. அவர் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. கேஸ் முடிந்து ஆள் வந்தால் வண்டி தருகிறேன், ஆனால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அந்த வண்டிதான் ஏழுமலையின் பிழைப்பு. ஆகவே ஏழுமலை உள்ளேயே இருந்தார்.

ஒரு வாய்தாவுக்கு டாக்டர் வரவில்லை. இன்னொன்றுக்கு கான்ஸ்டபிளைத் திருவொற்றியூர்த் தேருக்குப் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்ததில் மாஜிஸ்திரேட்டுக்கே காய்ச்சல். இப்படியே மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு நாள் ஹாரி மாவுக்கட்டு இல்லாமல், கைத்தடி மட்டும் ஊன்றிப் படியேறி வந்தான். முனுசாமி அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரைக்குக் காலு கூடிச்சி. கேஸுதாம்மா இன்னும் கூடல."

டண்ணி

ஒருவழியாக ஹாரி சாட்சிக் கூண்டில் ஏறினான். வண்டி மோதும் முன் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்றான். தூரத்தில் நின்ற தன் கப்பலைப் பார்த்துக்கொண்டே நடந்தானாம். சரி, காதில் என்ன விழுந்தது என்றார் மாஜிஸ்திரேட். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, பல தடவை கேட்டது என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை எழுப்பினான்: "ஓட்டிக்கோ! ஓட்டிக்கோ!"

கோர்ட்டு சிரித்தது. போலீஸ் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். 'பாருங்கள், ஓட்டிக்கோ என்று தானே கத்திக்கொண்டு வேகமாக ஓட்டி வந்திருக்கிறான்' என்றார். கூண்டில் ஏழுமலையின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆங்கிலம் பேசும் நாக்குக்கு நம்முடைய 'த' வராது, 'ட' என்றுதான் வரும், 'ஒ'வும் நீண்டு 'ஓ' ஆகிவிடும், அவன் கேட்டது 'ஒத்திக்கோ' என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். பிறகு ஹாரியிடம், தண்ணீர் வேண்டும் என்றால் இந்த ஊரில் எப்படிக் கேட்பாய் என்றார். "டண்ணி" என்றான் ஹாரி. வாசலில் இருந்த முனுசாமி ஒரு தம்ளர் தண்ணீரோடு உள்ளே ஓடி வந்துவிட்டார். மாஜிஸ்திரேட் முதல் தடவையாகச் சிரித்தார். ஏழுமலை கும்பிட்ட கையை இறக்காமலே, ஹாரியைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"நீ காதுலதான் வாங்கின, நைனா. காலுல வாங்கல."

தீர்ப்பு

ஏழுமலை குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். ஹாரி அந்த வாரமே ஒரு கப்பலில் இடம் பிடித்துப் போய்விட்டான். வண்டி முதலாளி, எர்ணாவூர்க்காரர் ஒருவருக்கு வண்டியைக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது என்று கன்னியம்மா சொல்லித்தான் ஏழுமலைக்குத் தெரியும். நாங்கள் மூவரும் கோர்ட்டுப் படி இறங்கும்போது சாலையில் ஒரு கைவண்டி சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. எங்களிடமிருந்து தூரத்தில்தான் வந்தது. ஏழுமலை சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார். அது தெருமுனை திரும்பும் வரை அசையவில்லை.

கன்னியம்மா கூடையை இடுப்பில் ஏற்றினாள். என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவள் குரலில் அலுப்புத்தான் இருந்தது.

"அன்னிக்கே ஒத்துக்கினாருன்னு எய்தியிருந்தா, ஒரு மாசத்துல வண்டியாண்ட வந்திருப்பாரு. நீ நல்லதுதாம்மா சொன்ன. அந்த நல்லது வந்து சேர ரொம்ப நாளு புடிச்சிகிச்சி."

அமெரிக்காவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து தேடும் நியாயத்தை நாங்கள் ஓர் எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டோம். ஏழுமலை அதன் பிறகு வண்டி இழுக்கவில்லை, யாரையும் ஒதுங்கச் சொல்ல வேண்டியிராத எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாரப் போனார்.