கிழக்கே திருப்பிய வீடு

அந்த ஜன்னலை நான் முதலில் பார்த்தபோது வீடே ஒரு பெரிய டிரக்கின் மேல் இருந்தது. ரவுண்ட் ராக் என்ற ஊரின் பக்கத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த சிறிய மரவீடு. வெள்ளையருக்கு உள்ள உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று போராடியவர்கள் அங்கேதான் ரகசியமாகக் கூடினார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை வீட்டுக்கார அம்மா வாசலை ஒட்டிய சமையலறை ஜன்னலில் நின்று தெருவைக் காவல் காப்பாராம். அடிக்க வருபவர்களின் கார்கள் அங்கிருந்துதான் தெரியும். சாலை விரிவாக்கத்தில் இடிபட இருந்த வீட்டை அருங்காட்சியக வளாகத்துக்கு நகர்த்தினார்கள். எழுபதைக் கடந்த அவருடைய மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் ஜன்னல் தெருவைப் பார்த்தே இருக்க வேண்டும். வளாகத்தின் தெருவும் பழைய வீட்டுக்கு இருந்தது போலவே தெற்கில்தான் இருந்தது.

அஸ்திவாரத்தை இலவசமாகப் போட்டுத்தர முன்வந்தவர், நான் இன்ஜினியராக இருந்த கட்டுமான நிறுவனத்தின் முதலாளி. எந்த மேடையிலும் முன்வரிசை நாற்காலி தேடும் மனிதர். சமத்துவம் என்றால் மைக்கில் உருகிவிடுவார். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவனிடமோ, சாதியை மோப்பம் பிடிக்க, "ஊர்ல எந்தத் தெரு?" என்பார். வரைபடத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னப்பா, சவுத் ஃபேஸிங்கா? ஆகாதுப்பா. நாம கை வெச்ச வீடு, நாளைக்கு நமக்குத்தான் ஏதாவது ஆகும். ஈஸ்ட்டுக்கு ரொட்டேட் பண்ணிடு."

"சார், அந்த ஜன்னல்..."

"மியூசியம்காரங்ககிட்ட டிரெய்னேஜ் ப்ராப்ளம்னு ரிப்போர்ட் குடு. உன் கிரீன் கார்டு பேப்பர்ஸ்ல நான் இந்த வாரம் சைன் பண்ணணும்ல?"

யாரும் குடியேறப் போகாத வீட்டுக்கு வாஸ்து! தெற்கு வாசல் வைத்தால் மழைநீர் உள்ளே வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிரீன் கார்டும் வந்தது, வேலையும் மாறிவிட்டேன். இப்போதும் பொங்கல் விழாவில் அவரைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவரை இளக்காரமாகப் பேசும் தகுதி எனக்கில்லை என்று தெரிந்தே பேசுகிறேன்.

திறப்பு விழாவன்று அவர் பட்டு வேட்டியில் வந்து ரிப்பன் வெட்டினார். யாரும் கவனிக்காதபோது நிலைப்படியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் நசுக்கினார். வீட்டுக்கார அம்மாவின் மகள் நேராகச் சமையலறைக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் கழிப்பறைச் சுவர். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ரிப்போர்ட் எழுதியது நான்தானா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"உண்மையிலேயே தண்ணீர் உள்ளே வந்திருக்குமா?"

"வந்திருக்கும்" என்றேன்.

"அப்படியானால் நீ செய்தது சரிதான். அம்மாவின் வீடு நனையக் கூடாது" என்றவர், என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.