அறுபத்தொரு புளியங்கொட்டை

கட்டாரிலிருந்து றம்ஸி அனுப்பிய பார்சலில் அந்த மணி வந்தது. வயர் கிடையாது. பொத்தானை நோயாளியின் கழுத்தில் மாட்டிவிட்டு, அமுக்கினால் பாடுகிற சின்னப் பெட்டியை, அவரைப் பார்த்துக்கொள்கிறவர் தன் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. குளிக்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வரக்காமுறை ஊரில் இருந்த அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அமுக்கிப் பார்த்து, என்ன புத்தியான சாமான் என்று வியந்தார்கள்.

பாடுகிற பெட்டி ஜஸ்லாவின் இடுப்பில் இருந்தது.

றம்ஸியின் வாப்பா இத்ரூஸ் பக்கவாதத்தில் விழுந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டதிலிருந்து அவரைப் பார்ப்பது மூத்த மருமகள் ஜஸ்லாதான். மாமி மௌத்தாகி, அடக்கம் செய்து வெகு காலம். ஜஸ்லாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை என்று குடும்பம் முடிவுகட்டியிருந்தது. அவள் கணவன், றம்ஸியின் அண்ணன் ஜிப்ரி, மாத்தளை டவுனில் ஹார்ட்வேர் கடையில் நிற்பவன். காலையில் போனால் அந்தி மஃரிபுக்குத்தான் வீடு திரும்புவான். கலேவெலையில் இருக்கும் தன் உம்மாவை அவள் பார்த்துப் பதினாலு மாதமாகியிருந்தது.

மணி வருவதற்கு முன் இத்ரூஸ் கூப்பிட்டால் கேட்காததுபோல் கொல்லையில் ஐந்து நிமிஷம் நிற்கலாம். இப்போது அதுவும் இல்லை. சோறு கொதிக்கும்போது அடிக்கும். தொழுகையில் நிற்கும்போது அடிக்கும். அடிக்காத நேரத்திலும் அடிப்பதுபோல் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து, காரணத்துக்கு ஒரு கோப்பையாகப் பிரித்துப் போட்டாள். பின்னேரத் தொழுகை அஸருக்குள் அறுபத்தொன்று சேர்ந்தன. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க எட்டு, திரைச்சீலைக்கு ஏழு, நழுவி விழுந்த தஸ்பீஹு மாலைக்குப் பதினொன்று. சாப்பாட்டின்போது மட்டும் பதினாறு. மீதிப் பத்தொன்பதுக்குக் காரணமே இல்லை. போய் நின்றால், “ஒண்டுமில்ல” என்பார்.

காரணம் உள்ளவற்றை முதலில் பிடித்தாள். ஜிப்ரியிடம் சொல்லிக் கடையிலிருந்து இரண்டு சிறிய கப்பிகளும் நைலோன் கயிறும் வாங்குவித்து, படுத்தபடியே இடது கையால் இழுத்தால் திரைச்சீலை விலகும்படி கட்டினாள். தஸ்பீஹை இலாஸ்டிக்கில் கோத்துக் கட்டில் சட்டத்தோடு முடிந்தாள். விட்டாலும் கைக்கே திரும்பி வந்தது. கோப்பையின் காதில் சைக்கிள் கைப்பிடியின் ரப்பரை மாட்டிப் பிடி தடிப்பாக்கினாள். பழைய பக்கெட்டின் விளிம்பை வெட்டிச் சாப்பாட்டுப் பீங்கானின் ஒரு பக்கத்தில் மதில்போல் வளைத்து வைத்தாள். கரண்டியால் தள்ளிய சோறு அதில் முட்டிக் கரண்டியிலேயே ஏறியது. அடியில் ஒட்டிய சைக்கிள் டியூப் துண்டு பீங்கானை நகரவிடவில்லை. அன்று இத்ரூஸ் ஒரு பருக்கை சிந்தாமல் தானாகவே சாப்பிட்டு முடித்து, வெறும் பீங்கானையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்தொன்பதுதான் பாக்கி. மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்றைத் தலைமாட்டில் பொருத்தி, அவருக்குக் குசினியும் அடுப்பும் தெரியும்படி திருப்பிவைத்தாள். மணி அடியோடு ஓய்ந்தது. ஆனால் மூன்றாம் நாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தால் கண்ணாடியில் இரண்டு கண்கள். முக்காட்டைச் சரிசெய்ய, ஒரு வாய் தண்ணீர் குடிக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கண்கள். தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்திருப்பது புரிந்தது. போய்க் கண்ணாடியை ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள்.

“ஏன் புள்ள திருப்புற?” என்றார் இத்ரூஸ்.

பொய் சொல்லத்தான் நினைத்தாள். வரவில்லை. “முதுகுல எந்நேரமும் ஆள் நிக்கிற மாதிரி இருக்கு மாமா. என்னால ஏலாது.”

அவர் இடது கையால் தஸ்பீஹை இழுத்துப் பிடித்தார். பிறகு, கோணிய வாயால் சொன்னார்: “நீ போயிருவியோண்டு பயம். அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்.” கண்ணாடியில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ரோட்டைப் பார்த்து, “ரோட்டுப் பக்கமே இருக்கட்டும்” என்றார்.

அவள் செய்த சாமான்களை றம்ஸி ஃபோனில் பார்த்தான். சொந்தக்காரர்களும் வந்து பார்த்தார்கள். ஜிப்ரிக்குப் பெருமை தாங்கவில்லை. ரத்தோட்டையில் இடுப்பு முறிந்து கிடக்கும் தன் பெரியம்மாவை இங்கேயே கொண்டுவந்துவிடலாம் என்றான். ஜஸ்லாவுக்குத்தான் இப்போது வேலை குறைவாச்சே, இன்னொரு கட்டில் போட்டால் என்ன என்றான்.

ஜஸ்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். “அவங்களுக்கு வேண்டிய சாமானெல்லாம் நான் செஞ்சு தாரேன். கட்டில் இங்க வரக் கூடாது. நான் உம்மாவப் பாக்கப் போறதுக்குத்தான் இதெல்லாம் செஞ்சேன்.”

ஜிப்ரி மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், பெரியம்மாவை அவர் மகளே வைத்துக்கொள்கிறாளாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். ஜஸ்லா ஒரு பீங்கானும் கோப்பையும் செய்து ரத்தோட்டைக்கு அனுப்பினாள். அடுத்த பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கடை மூடியிருக்க, மாமாவுக்கு ஜிப்ரியைக் காவல் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அன்றிலிருந்து போயாவுக்குப் போயா போய்வருகிறாள். போன மாதம் உம்மா, “ரெண்டு நாள் தங்கிட்டுப் போயேன் மகள்” என்று கையைப் பிடித்தாள். ஜஸ்லா உம்மாவின் மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். மூன்றரை ஆனதும் எழுந்து, முகம் கழுவி, அபாயாவை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.