திருப்பாத கால்

எக்ஸ்ரே அறையில் அவளை எல்லாரும் மணல்மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு பெருத்தவள் இல்லை. காற்றடித்தால் சாய்கிற உடம்பு. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, அவளே தைத்து, மணல் நிரப்பிய இரண்டு மூட்டைகளால் வந்த பேர் அது. படுக்க வைத்த ஆளின் பாதம் அசையாமலிருக்க அணைத்து வைக்கிற மூட்டைகள். படம் எடுக்கிறவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பொத்தானை அமுக்குவார். ஆளைத் தூக்கிக் கிடத்துவது, கையைக் காலை வாகாக வைப்பது எல்லாம் இவள் பாடு. இருபத்தாறு வருஷம்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் தொடையெலும்பைப் பற்றிக் கேட்டால் கையை மடக்கி நீட்டிக் காட்டிவிடுவாள். அது நட்ட கம்பம் போல நேராகப் போய் இடுப்பில் செருகுவதில்லை. உச்சியில் ஒரு கழுத்து உண்டு. அந்தக் கழுத்து உள்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் முன்பக்கமும் எட்டிப் பார்க்கும். அதன் நுனியில் பெரிய எலுமிச்சை அளவு ஓர் உருண்டை, இடுப்பெலும்பின் குழிக்குள் கிண்ணத்தில் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருக்கும். ரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தைப் பிடித்துத்தான் உருண்டைக்கு ஏறும். ஆளைச் சும்மா மல்லாத்திப் படம் எடுத்தால் கழுத்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், நீளம் தெரியாது. முகத்துக்கு நேரே பார்த்தால் மூக்கின் நீளம் தெரியுமா? அதனால் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, கட்டைவிரல் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து, மூட்டையை அணைக்க வேண்டும்.

அதற்கும் அங்கே ஒரு விதி இருந்தது. கால் குட்டையாகி, பாதம் வெளியே விழுந்து, தூக்கிக்கொண்டு வந்த ஆளா, தொடாதே. நடந்து வந்த ஆளா, திருப்பு. அலறுவார்கள், ராட்சசி என்று திட்டுவார்கள். "திட்டுங்க, திட்டிக்கிட்டே திருப்ப விடுங்க" என்பாள்.

அக்கா நடந்துதான் வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அக்கா என்றால் ஒரு வயிற்றில் பிறந்தவள் இல்லை. அப்பாவின் மூத்த தாரத்து மகள். மூத்தவள் போனதும் அவள் தங்கையையே அப்பா கட்டிக்கொண்டார். அந்தத் தங்கைக்குப் பிறந்தவள் இவள். ஆக, அப்பா வழியிலும் அக்கா, பெரியம்மா மகள் என்ற வழியிலும் அக்கா. அம்மா வேலைக்குப் போக, பன்னிரண்டு வயசு அக்காதான் இவளை இடது இடுப்பிலேயே வைத்துத் திரிந்தாள். இப்போது அறுபத்தாறு. ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். "நிக்கிற வரைக்கும் என் சோறு. உக்காந்தா மருமக சோறு" என்று சொல்லிக்கொண்டே நின்றவள். அந்தக் கூடத்தின் ஈரத்தரையில்தான் வழுக்கி, இடது பக்கமாக விழுந்தாள்.

மேசையில் படுக்க வைத்து, இவள் பாதத்தைப் பிடித்தாள். அரை விரற்கடை திருப்பியிருப்பாள்.

"வலிக்குதுடி குட்டி" என்றாள் அக்கா.

அலறவில்லை. உதட்டைக் கடித்து மெதுவாகத்தான் சொன்னாள். ஐம்பத்து நாலு வயசில் குட்டி என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? கை தானாக விட்டுவிட்டது. பாதம் பழையபடி நிமிர்ந்து நின்றது. மூட்டையை அப்படியே அணைத்தாள்.

"திருப்பியாச்சா?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்.

"ஆச்சு சார்."

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்புல ஒண்ணுமில்லம்மா, தசைதான் புடிச்சிருக்கு. படுத்தே கெடந்தா இன்னும் புடிச்சுக்கும். நல்லா நடங்க."

நடக்க வைத்தவளும் இவள்தான். வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து வராந்தாவில் நடத்துவாள். "இன்னும் நாலு நடை, அக்கா. சோம்பேறி ஆயிடாத." பதினோராம் நாள், அக்கா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியபோது சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். விழுந்து கிடந்தவளின் இடது பாதம் வெளியே சாய்ந்திருந்தது, கால் குட்டையாகியிருந்தது. படம் எதற்கு? பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மொதல்லயே விரிசலா இருந்திருக்கணும்" என்றார் டாக்டர். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மூணு ஸ்க்ரூவோட போயிருக்கும். இப்ப உருண்டைக்கு ரத்தம் போற வழியே அறுந்துபோச்சு. அதை எடுத்துட்டு வேறதான் வைக்கணும். இவங்க இதயம் அத்தனை பெரிய ஆபரேஷனைத் தாங்காது."

படம் எடுக்கிறவர் பழைய படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். உள்தொடைப் பக்கம் எலும்பில் ஒரு சின்ன முண்டு உண்டு. பாதத்தைத் திருப்பினால் அது ஒளிந்துகொள்ளும். படத்தில் அது முழுசாகத் துருத்திக்கொண்டிருந்தது. இவள் முகத்தைப் பார்த்தார். படத்தின் மூலையில் இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார்.

அக்கா கட்டிலோடு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இவள் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோய்க் காலுக்குத் தேய்த்துவிடுவாள். மருமகளுக்கு நாக்குச் சும்மா இருக்காது.

"ஆஸ்பத்திரியில எங்க சித்தி இருக்காங்கன்னு எத்தனை பெருமை. கடைசியில பீ அள்றது யாரு, நான்தானே?"

"அவளச் சொல்லாத" என்றாள் அக்கா. "டாக்டரு முறுக்கினான், நர்சு முறுக்கினா. அன்னைக்கு வலிக்காம என் காலை வெச்சவ அவ ஒருத்திதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. மருமகள் அடுப்படிக்குப் போனதும், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திருப்ப வேண்டிய காலைத் திருப்பாததை, ஆச்சு என்று சொன்னதை.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பியிருந்தா எவ்வளவு நேரம் வலிச்சிருக்கும்?"

"பத்து எண்ணுற நேரங்கூட இருக்காதுக்கா."

"பத்து."

"நீ வலிக்குதுன்னு சொன்னியே அக்கா."

"வலிக்குதுன்னுதான் சொன்னேன். விட்டுடுன்னா சொன்னேன்?"

இவள் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, காலைத் தொடப் போனாள். அக்கா போர்வையைப் பாதம்வரை இழுத்து மூடினாள்.

"மருமகளைக் கூப்பிடு."

"நான் தேய்க்கிறேன் அக்கா."

"அவ திட்டிக்கிட்டே செய்வா. செய்ய வேண்டியதச் செய்வா. கூப்பிடு."

மருமகள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் காற்று திசைமாறியது தெரிந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"கையில ஊத்தினத நீங்களே தேச்சுக்கங்க சித்தி."

தேய்த்துக்கொள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எண்ணெய்க் கைக்குத் தாழ்ப்பாள் இரண்டு முறை வழுக்கியது. உள்ளே மருமகள், "காலை எந்தப் பக்கம் திருப்பணும் அத்தை?" என்று கேட்பதும், "உள்பக்கமாத் திருப்பு. நான் கத்தினாலும் விடாத" என்று அக்கா சொல்வதும் கேட்டது.