பிள்ளை மடுவத்து அண்டா

என் மருமகள் ஒரு ஈயச் சொம்பு வாங்கியிருக்கிறாள். அவளுடைய சிநேகிதி இந்தியாவுக்குக் கோயில் சுற்றப் போனபோது சொல்லிவிட்டு வரவழைத்தது. பழைய பத்திரிகைத் தாளைப் பிரித்து, பதுளையில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டுச் சமையலறையில் அதை வைத்ததும் அந்த மூலையே கொஞ்சம் வெளிச்சமானது உண்மைதான். "இதுல ரசம் வெச்சா தனி ருசியாம் அத்தை" என்றாள். நான் சொம்பைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். பிறகு மேசையில் கிடந்த தண்ணீர் பில்லைத் திருப்பி வைத்து, அதன் மேல் சொம்பின் அடியைத் தேய்த்தேன்.

"என்ன அத்தை, சொம்பால கையெழுத்துப் போடுறீங்களா?"

கோடு விழவில்லை. அப்புறம் விளிம்பைக் காதோடு வைத்து இரண்டு கட்டைவிரலாலும் லேசாக அமுக்கினேன். உள்ளே மெல்ல ஒரு நொறுநொறுப்பு கேட்டது. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் அந்த ரசத்தை ஊற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி மோர் விட்டுச் சாப்பிட்டேன். நான் நன்றாகப் பொய் சொல்லுவேன். போகப் போக உங்களுக்கே தெரியும்.

மருமகள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவள். மாமியாரின் கிறுக்குத்தனத்துக்குப் பாடப் புத்தகத்தில் காரணம் தேடினாள். தனிமங்களை எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும் அட்டவணையைக் காட்டி, "வெள்ளீயத்துக்கு நேர் கீழதான் காரீயம். ரெண்டும் ஒரே குடும்பம்" என்றாள். குடும்பம் என்றால் சரிதான். ஒரே குடும்பத்தில் எல்லாரும் நல்லவர்களாகவா இருக்கிறார்கள்? இரண்டும் விறகடுப்புச் சூட்டிலேயே உருகும், வெள்ளீயம் கொஞ்சம் முந்தி. உருகிக் கிடக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கும். நாள்பட்டால் வெள்ளீயம் வெளுப்பாகவே இருக்கும், காரீயம் கறுத்துப்போகும். காரீயம் கையை இழுக்கிற கனம். நகம் பட்டால் தழும்பு விழும், தாளில் தேய்த்தால் பென்சில் போல எழுதும். வெள்ளீயம் அப்படி எழுதாது. ஆனால் வளைத்தால் முனகும். காரீயத்தை எப்படி வளைத்தாலும் வாயைத் திறக்காது. ஒன்றைச் சமைக்கிற பாத்திரத்துக்குள் பூசலாம், மீன் டின்னுக்கு உள்பூச்சாக வைக்கலாம். மற்றது பற்றரிக்கும் தோட்டாவுக்கும் தூண்டில் குண்டுக்கும் ஆகும், வாய்க்கு ஆகவே ஆகாது.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. இதைக் கற்றபோது எனக்கு இருபது வயது. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து பெண்கள் கொழுந்தெடுக்க மலை ஏறும் முன் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளை மடுவத்தில் நான் ஆயம்மா. இருபது வயதில் அம்மா என்று கூப்பிட்டதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் போட்ட அதிகாரத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மடுவத்தில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பெரகலையிலிருந்து ஒருவர் துருத்தியும் நவச்சாரமும் சுமந்து வந்து, அதற்குள் வெள்ளீயம் பூசிவிட்டுப் போவார். பிள்ளைகள் அழுதால், தன் ஈயக்குச்சியை அவர்கள் காதருகே வளைத்து அது முனகுவதைக் கேட்க வைப்பார். அழுகை நின்றுவிடும். எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு வந்த அந்த வருஷம் அவர் வரவில்லை. பூச்சுத் தேய்ந்து, அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ரசம் வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறியது.

நான் அந்தோணி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். வெள்ளைக்காரன் காலத்தில் பெட்டிக்குள்ளே ஈயத்தகடு சுற்றி, ஓரங்களைச் சூட்டுக்கோலால் ஒட்டுவார்களாம். நான் வேலைக்கு வந்தபோது அலுமினியத் தாள் வந்துவிட்டது. பழைய தகடு மட்டும் சுருள் சுருளாக ஸ்டோர் மூலையில் கிடந்தது. ஒட்டுகிற கைவேலை அந்தோணி அண்ணனுக்கு மறக்கவில்லை. முதலில் அவர் தயங்கினார்.

"இது காரீயம் தங்கச்சி. பெரகலக்காரரு பூசுறது வேற."

"தேயிலைய சுத்தி அனுப்புற தகடுதானேண்ணே. சீமையில ராசா ராணி குடிக்கிற தேயிலை. அதுக்கு ஆகுறது நம்ம புள்ளைகளுக்கு ஆகாதா?"

ஃபெக்டரிக்குள் எது போனாலும் அது சுத்தம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். செருப்போடு உள்ளே விட மாட்டார்களே! தேயிலை காய்ந்த சாமான், ரசம் கொதிக்கிற புளி என்ற வித்தியாசம் எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. மூன்று நாள் அவரை நச்சரித்தேன். நாலாம் நாள் அவர் தகட்டை உருக்கி, பெட்டி ஓரம் ஒட்ட வைத்திருந்த ஈயக் கம்பியையும் கொஞ்சம் சேர்த்து, அண்டாவுக்குள் வழித்துப் பூசித் தந்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கம். சிந்திய துளிகளைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார். அவருடைய மகள் ரீட்டாவும் மடுவத்தில்தான் இருந்தாள். மூன்று வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை.

மழைக்காலம் தொடங்கியது. பருப்பு கிடைக்காத நாட்கள் அவை. புளியும் மிளகும் மட்டும் எப்படியோ வந்தன. தினமும் ரசச் சோறு. காலையிலேயே ரசத்தை வைத்து அண்டாவோடு மூடிவிட்டால் மத்தியானம் வரை எனக்குக் கவலை இல்லை. என் சோம்பேறித்தனத்துக்கு வசதியாக இருந்தது. "இப்பல்லாம் ஓன் ரசத்துல புளிப்பே தெரியல, ஒரு இனிப்பா இருக்கு" என்று பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த பெண்கள் ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்கள். என் கைப்பக்குவம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஈயத் துளிகளால் பிள்ளைகள் சுவரில் எழுதினார்கள். வெள்ளையடித்த சுவரில் சாம்பல் நிறக் கோடுகள். ரீட்டா எப்போதும் நீளமாக ஒரே கோடுதான் இழுப்பாள். "இது பண்டாரவள போற ரோட்டு" என்பாள். கோடு மங்கினால் துளியை நாக்கில் வைத்து ஈரமாக்கி மறுபடி இழுப்பாள்.

தை மாதத்துக்குள் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். முகம் வெளிறியது. வெளிக்குப் போகவில்லை. பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள், நானும் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். ரீட்டா பேசுவது குறைந்தது. ரோட்டு போடச் சொன்னால் கையில் துளியை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றாள். நடந்தால் தடுமாறினாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, என் மடியில், அவளுக்குக் கை கால் இழுப்பு வந்தது. கொழுந்து லொறியில் போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோனோம். ஹாலிஎல தாண்டும்போது அவள் உடம்பு ஆறிவிட்டது. அந்தோணி அண்ணன் அது தெரியாமல் பதுளை வரை அவளிடம் பேசிக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவரிடம் நான் மறைத்த முதல் விஷயம் அதுதான்.

மூன்று வாரம் கழித்து, பெரகலக்காரர் வந்தார். எங்கேயோ கொஞ்சம் வெள்ளீயம் கிடைத்ததாம். மடுவத்து வாசலில் துருத்தியை இறக்கி வைத்தவர், உள்ளே சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது எதால எழுதுனது தாயி?"

அண்டாவைக் காட்டினேன். விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார். விரல் கறுத்து வந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பிள்ளைகளை எண்ணினார். "எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். யார் பூசியது, யாருடைய பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இது அந்தோணி அண்ணனுக்குத் தெரிஞ்சா அவரு உசிரோட இருக்க மாட்டாரு."

"நான் வாயத் தொறக்கல. நீ சொல்றதும் சொல்லாததும் ஓம் பாடு. இந்த அண்டாவ மட்டும் இனி அடுப்புல ஏத்தாத."

சுரண்டிவிட்டு மறுபடி பூசித் தரவும் அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு பேருமாக மடுவத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் குழி வெட்டி அண்டாவைப் புதைத்தோம். பிள்ளைகளின் கையிலிருந்த துளிகளையும் பொறுக்கி, அண்டாவுக்கு மேலே அதே குழிக்குள் போட்டோம். அண்டாவைக் களவாண்டு போய்விட்டார்கள் என்று ஒப்பாரி வைத்துத் தோட்டம் முழுக்க நம்ப வைத்தேன். சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன், மூன்று தடவை. மண்சட்டிக்கு மாறிய பிறகு சில மாதங்களில் மற்றப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை, சாட்சியாக இருந்தது.

கல்யாணமாகி நான் பதுளைக்கு வந்து பல வருஷம் கழித்து, பண்டாரவளை பஸ் நிலையத்தில் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். வயதாகியிருந்தார். அவருடைய சம்சாரமும் போய்விட்டிருந்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். கிளாசை என் கையில் கொடுக்கும்போதே அவர் முகத்தில் பழைய சிரிப்பு ஒன்று வந்தது.

"அந்தக் களவாணிப் பய அண்டாவ கொண்டு போகலன்னா இன்னும் மின்னிக்கிட்டு இருக்கும், என்ன தங்கச்சி? எம் பூச்சு உரியலதானே?"

"கடைசி வரைக்கும் உரியவே இல்லண்ணே" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு என் பஸ்ஸைத் தேடிப் போனேன்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது? தேயிலை பெட்டியில் போவதில்லை, தாள் மூட்டையில் போகிறது. பெட்டி அடிக்கிறவரும் இல்லை. பெரகலக்காரர் எப்போதோ போய்விட்டார். அந்தோணி அண்ணன் போய் நாலு வருஷம். மடுவத்தை இடித்துவிட்டு முன்பள்ளி கட்டியிருக்கிறார்கள். என் சொந்த அண்ணன் மகள்தான் அங்கே டீச்சர். போன மாதம் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் கொய்யா மரத்தடியில் கீரைப் பாத்தி போடுகிறார்கள். ஒரு பூப் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு மாதம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை!

சொம்பு வந்த அன்று சாயங்காலம் அந்தப் படத்தை மறுபடி எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால் புதுச் சுவர். அதில், பிள்ளைகளின் உயரத்தில், சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு கோடு.

உடனே அழைத்தேன். எதால் எழுதுகிறார்கள் என்று கேட்டேன்.

"பாத்தி கிண்டும்போது ஏதோ கறுப்புக் கட்டி கெடச்சிச்சு அத்தை. நல்லா எழுதுது. ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க."

பிடுங்கு, கையைக் கழுவ வை, கீரையை யாருக்கும் கொடுக்காதே, பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் காட்டு என்று கத்தினேன். மருமகள் ஓடி வந்து பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் அண்ணன் மகள் பயந்துபோய், "ஏன் அத்தை? அது என்னது?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அண்டாவுக்குக் காரீயம் பூசச் சொல்லி நச்சரித்தவள் நான்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.