மேயருக்குச் சொன்ன சம்மதம்

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுச் சுவரில் கலியாணப் படம் ஒன்று தொங்குகிறது. ஒரு கரையில் என் மனைவி, மறுகரையில் நான், நடுவில் தோளுக்குக் குறுக்கே மூவர்ணப் பட்டி அணிந்த ஒரு பிரெஞ்சுக்காரன். பாரிசுக்குப் பக்கத்தில் அவள் வளர்ந்த ஊரின் மேயர். அந்த நாட்டில் மேயர் முடித்து வைத்தால்தான் சட்டப்படி கலியாணம். கோயிலில் தாலி அடுத்த நாள்தான். படமெடுத்த மச்சான் என்னைப் பாதியில் வெட்டிவிட்டான். நடுவில் நிற்பவன் முழுதாக இருக்கிறான்.

அவன் வளர்ந்துகொண்டே போனான். எம்.பி., பிறகு துணை மந்திரி, பிறகு மந்திரி. "இஞ்சருங்கோ, எங்கட மேயருக்கு விவசாய அமைச்சு குடுத்திருக்கு" என்றாள் ஒருநாள், குசினியிலிருந்து. எங்கட. நான் கவிதை எழுதுகிறவன். இருபது வருடத்தில் என் ஒரு வரியையும் அவள் இரண்டாம் தரம் வாசித்ததில்லை. அவனுடைய பேச்சுகளைப் போனில் போட்டுவிட்டுத்தான் வெங்காயம் வெட்டுவாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பொறாமைக்கு எந்தப் பாஷையும் தெரியத் தேவையில்லை. அந்தக் குரல் எங்கள் கறியில் உப்பைப் போலக் கரைவதை நாக்கே சொல்லும்.

போன மாதம் அங்கே மந்திரிசபை மாறியது. அவனைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். பஸ்ஸில் செய்தியைப் பார்த்தவன், இடையில் இறங்கி அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"செத்த வீடு மாதிரி அழுறீர். அந்தாளில உமக்கு அப்பிடி என்ன?"

"அண்டைக்கு அவர் என்ன கேட்டவர் எண்டு தெரியுமோ?"

"எனக்கென்ன விளங்கினது? நீர் முழங்கையால இடிச்சனீர், நான் அவையின்ர பாஷையில 'வி', ஓம் எண்டு சொன்னனான்."

"அவர் மூச்செடுத்த இடமெல்லாம் சொன்னனீங்கள்." மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கையில இருந்த பேப்பரை வைச்சிட்டு, என்ர முகத்தைப் பாத்து, விருப்பமோ எண்டு கேட்டவர். அப்பா கேக்கேல்லை. தரகர் கேக்கேல்லை. ஐயரும் கேக்கேல்லை. நீங்களும்தான்."

லட்டுப் பெட்டி என் கையில் கனத்தது.

"இப்ப கேக்கிறன்" என்றேன். "விருப்பமோ?"

பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள்.

"இதென்னத்துக்கு?"

"அவருக்கு வேலை போனதுக்கு."

மெதுவாகத் தின்று முடித்தாள். விரலைக்கூட நக்கினாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்."

"அவருக்கு உடன சொன்னனீர்தானே?"

"ஓம்" என்றாள். "அவருக்கு உடன சொன்னனான்."